வராது என்று எழுதிய கை

அத்தியாயம் 6

அறை முழுக்கக் காகிதம். கால் வைக்க இடமில்லை. அண்ணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காதில் ஒரு சிவப்புப் பென்சிலைச் செருகிக்கொண்டு, காலை எட்டு மணியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றேன்.

"அண்ணி, துப்பறியறவங்க பூதக்கண்ணாடி வெச்சிருப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க பழைய பேப்பர் கடை வெச்சிருக்கீங்க."

"மிதிக்காம வா. நாற்பத்தொண்ணாம் பக்கம் உன் காலுக்குக் கீழ இருக்கு."

அண்ணி என் அண்ணனின் மனைவி. அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறான். வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில்தான் இருப்பான். அண்ணி பதினெட்டு வருஷம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். எங்கேயாவது ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அச்சகத்தை மூடியதும் அதே கண்ணை வைத்துக்கொண்டு துப்பறிய ஆரம்பித்தார். நான் வண்டி ஓட்டுவேன், கதவு தட்டுவேன், வாயடிப்பேன். மூன்றாவது வேலையை யாரும் என்னிடம் கேட்பதில்லை, நானாகச் செய்கிறேன்.

முந்தைய ஐந்து அத்தியாயங்களை ரயிலில் விட்டுவிட்டு இறங்கியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் கையில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்ப் ஒன்று ஆஸ்பத்திரிகளில் உண்டு. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அப்படி ஒரு பம்ப், மணிக்கு ஐந்து மில்லி ஏற்ற வேண்டிய மருந்தை நாற்பது மில்லியாக ஏற்றிவிட்டது. படுக்கையில் இருந்தவர் ஒரு தபால்காரர். அவர் இன்னும் கண் திறக்கவில்லை.

அந்தப் பம்புக்குள் இருக்கும் கெர்னலை எழுதியவர் ஒரு பெண். கெர்னல் என்று கேட்டதும் 'ராணுவத்துல இருந்தாங்களா?' என்று நான் விசாரித்து அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ராணுவம் இல்லை. மற்ற எல்லா புரோகிராமுக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டு அவற்றை மேய்க்கிற புரோகிராம் அது. மேலே இருக்கிற ஒன்று தப்புப் பண்ணினால் கெர்னல் அதைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு வேலையைத் தொடரும். கெர்னலுக்குள்ளேயே தப்பு வந்தால், தூக்கிப் போட அதற்குக் கீழே ஆளில்லை. அப்போது அது செய்யக்கூடிய உருப்படியான காரியம் ஒன்றே ஒன்றுதான். மோட்டாரை விட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே நின்று, கத்தி ஆளைக் கூப்பிட வேண்டும். அந்தத் தொழிலில் இதற்குப் 'பானிக்' என்று பேர்.

அந்தப் பெண் தன் கெர்னலில் அறுபத்துமூன்று இடங்களில் அப்படி நிற்கச் சொல்லி எழுதியிருந்தார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'நில்லு மேடம்' என்றே பேராகிவிட்டது. அறுபத்துமூன்றில் ஒன்றை யாரோ மாற்றியிருந்தார்கள். நிற்பதற்குப் பதிலாக, ஓர் எச்சரிக்கையைக் குறித்து வைத்துவிட்டு ஓடிக்கொண்டே இரு என்று. மாற்றியவர் பேர் என்ற கட்டத்தில் நில்லு மேடத்தின் பேர் இருந்தது. விபத்து நடந்த அன்றைக்கே அவர் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு, கம்பெனி கம்ப்யூட்டருக்குள் நுழையவே முடியாமல் பண்ணிவிட்டார்கள். இன்று மாலை நான்கு மணிக்கு, தப்பு என்னுடையதுதான் என்று அவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை போகும். தபால்காரர் பிழைக்காவிட்டால் ஜெயிலும் உண்டு. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது.

இதில் பெரிய கொடுமை, தூக்கக் கலக்கத்தில் நானேதான் செய்திருப்பேனோ என்று அவரே நம்ப ஆரம்பித்திருந்தார்.

எங்களைத் தேடி வந்தவர் அவர் கணவர். அதே கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். பம்ப் நின்றுபோனால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய ஆள். "என் பொண்டாட்டி மேல அநியாயமா பழி போடறாங்க மேடம். கறார்தான் பண்ணியிருக்கான். அவன்கிட்ட எல்லார் பாஸ்வேர்டும் இருக்கு" என்று அண்ணியின் முன்னால் கண் கலங்கினார். கறார் என்பது மேலாளருக்கு அலுவலகம் வைத்த பேர். அவர் ஒப்புதல் இல்லாமல் ஒரு வரியும் பம்புக்குள் போகாது.

என் போன் டிங் என்றது. கணவரிடமிருந்து செய்தி.

'சார் எங்கே இருக்கீங்க.. நாலு மணிக்குள்ள ஏதாவது கிடைக்குமா.. அவ ரெண்டு நாளா சரியா சாப்பிடலை..'

அண்ணியிடம் காட்டினேன். ஒரு செய்தியைப் படிக்க ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பாவம் மனுஷன். ஒரே ஒரு சந்தேகம் அண்ணி. கம்ப்யூட்டர் சமாசாரத்துக்கு எத்தனையோ நிபுணர்கள் இருக்காங்க. அவங்களையெல்லாம் விட்டுட்டு, போன மாசம் காணாமப்போன கிளியைக் கண்டுபிடிச்ச நம்மகிட்ட ஏன் வந்தார்?"

"கண்டுபிடிச்சோமே."

"அது தானா வீட்டுக்கு வந்துது."

அண்ணியின் பென்சில் நின்றது. "நல்ல கேள்வி. தொலைச்சுடாம வெச்சிரு. இப்ப இதைப் பாரு."

நேற்று கம்பெனி வக்கீலிடம் மல்லுக்கட்டி வாங்கிவந்த அச்சுப் பிரதிகள் அவை. நிபுணர்கள் எல்லாரும் கட்டளை வரிகளைத்தான் படித்திருந்தார்கள். அண்ணிக்குக் கட்டளை வரி ஒன்றுகூடப் புரியாது. அதனால், அவர்கள் தாண்டிப்போன குறிப்பு வரிகளை மட்டும் படித்தார். நில்லு மேடம் அவற்றைத் தமிழில் எழுதியிருந்தார். பம்ப் நிற்கும்போது எதிரில் நிற்பது நர்ஸ், அவங்களுக்குப் புரியும்படிதான் அது பேச வேண்டும் என்பது அவர் கட்சி. நிற்கும்போது திரையில் பெரிய எழுத்தில் வருவது இது: 'நான் நின்றுவிட்டேன். என்னை நம்ப வேண்டாம். கையால் பாருங்கள்.' உள்ளே, அடுத்து வருகிற புரோகிராமருக்காக ஒவ்வொரு இடத்துக்கும் மேலே ஒரு குறிப்பு: 'இங்கே வரக்கூடாது. வந்தால் நில்.'

"அறுபத்துரெண்டு இடத்துல இப்படியேதான் இருக்கு" என்றார் அண்ணி. "ஒரு கால், ஒரு கொம்பு மாறலை. மாத்தின இடத்துல மட்டும் என்ன இருக்கு, படி."

நாற்பத்தொன்றாம் பக்கம். வரியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். வரியின் கடைசியில் இன்னொரு குட்டி வட்டம்.

'இங்கே வராது..'

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணி?"

"பூனை அடுப்படிக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்றவ என்ன பண்ணுவா?"

"பாலை மூடி வைப்பா."

"பூனை வராதுன்னு சொல்றவ?"

"திறந்து வெச்சுட்டு டிவி பார்க்கப் போவா."

"அவ்வளவுதான். கெர்னல் எழுதறவ வராதுன்னு எழுதமாட்டா. வரக்கூடாததெல்லாம் ஒருநாள் வரும்னு நினைச்சு உட்கார்ந்திருக்கறதுதான் அவ வேலையே. இது வேற கை."

"அந்த இடத்துல அப்படி என்னதான் இருந்துது?"

"மருந்தோட வேகத்தை அது ரெண்டு இடத்துல எழுதி வெச்சுக்குமாம். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா நினைவகம் கெட்டுடுச்சுன்னு அர்த்தம். எதை நம்பறதுன்னு தெரியாது. அதனால நில்லுன்னு எழுதியிருந்தா. வராதுன்னு எழுதினவன் ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கிட்டு ஓடுன்னு மாத்திட்டான்." அண்ணி எழுந்து முட்டியைத் தடவிக்கொண்டார். "வண்டியை எடு. கறாரைப் பார்க்கணும்."

*

கறாரின் மேஜையில் பேனாக்கள் உயர வரிசைப்படி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நான் உட்காரும்போது நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினேன். அவர் எழுந்து வந்து அதை இருந்த இடத்துக்கே நகர்த்தினார், நான் அதில் உட்கார்ந்திருக்கும்போதே.

"எனக்கு இருபது நிமிஷம்தான் இருக்கு" என்றார்.

"பத்து போதும்" என்றார் அண்ணி. "மாற்றம் வந்த மறுநாள் நீங்க ஒப்புதல் கொடுத்திருக்கீங்க. குறிப்பு வரியைப் படிச்சீங்களா?"

"நான் தமிழ்ல குறிப்பு எழுதறதையே ஒத்துக்கறதில்ல. அந்தம்மாவுக்கு மட்டும் விட்டுட்டேன்."

"இதே மாதிரி ஒரு வரி நீங்க டைப் பண்ணிக் காட்டுங்களேன்."

"நானா? தமிழ் டைப்பிங் எனக்கு வராது."

நான் அண்ணியின் முழங்கையை இடித்தேன். அண்ணி என் காலை மிதித்தார். கறார் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் தன் போனை எங்கள் பக்கம் திருப்பினார். தமிழ் எழுத்துப் பலகையே அதில் இல்லை. சொந்த மகளுக்கு அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தைக்கூட ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்திருந்தார். அதிலும் நான்கு பிழை.

"மத்தவங்க ஒரு காற்புள்ளி விட்டாலே திருப்பி அனுப்புவீங்களாமே" என்றார் அண்ணி. "இது மட்டும் எப்படி உள்ளே போச்சு?"

கறார் பேனாக்களைப் பார்த்தார். வரிசை சரியாகத்தான் இருந்தது. இருந்தும் ஒன்றைத் தொட்டு நகர்த்தினார்.

"அவங்க பேரைப் பார்த்தேன். ஏழு வருஷமா அந்தப் பேர்ல ஒரு தப்பு வந்ததில்ல. உள்ளே பார்க்கலை."

"விசாரணையில இதைச் சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலை."

இதைச் சொன்ன குரல் மிகவும் சின்னதாக இருந்தது. ஏழு வருஷம் தப்பே செய்யாத பெண்ணுக்குக் கிடைத்த மரியாதை இது. நம்பினார்கள், அந்த நம்பிக்கையாலேயே மாட்டிவிட்டார்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அவருடைய பேனாக்களையெல்லாம் கலைத்துவிட்டு வர வேண்டும் போலிருந்தது.

படி இறங்கும்போது என்னால் அடக்க முடியவில்லை. "அண்ணி, அவர் வாயாலேயே சொல்லிட்டார். வராதுன்னு."

"அது வேற வராது. அந்த ஆளுக்குத் தமிழே வராது. போய் வண்டியை எடு."

"எங்கே?"

"பூனையைப் பார்த்தவங்ககிட்ட."

*

ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி. நடைபாதையில் இரும்பு நாற்காலிகள். ஒரு நாற்காலியில் தபால்காரரின் மனைவி மடியில் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை அவர் திறந்ததாகத் தெரியவில்லை.

விபத்து நடந்த அன்றைக்குப் பணியில் இருந்த நர்ஸ் எங்களை மருந்து அறைக்குள் அழைத்துப் போனார். எதையும் மென்று முழுங்காமல் பேசுகிறவர்.

"நான்தான் பார்த்தேன். ரவுண்டு வரும்போது பாட்டில் காலி. திரையில எல்லாம் சரின்னு பச்சையா எரியுது. கொல்றதுக்கு முன்னாடி பச்சை விளக்கு காட்டற மெஷினை நான் இப்பதான் பார்க்கறேன். கையால பிடுங்கிப் போட்டேன்."

"முன்னாடியெல்லாம் அது எப்படி?" என்று கேட்டார் அண்ணி.

"முன்னாடியா? மாசத்துக்கு நாலஞ்சு தடவை நின்னு கத்தும். நான் நின்றுவிட்டேன், என்னை நம்ப வேண்டாம்னு திரையில வரும். எங்களுக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். உட்கார்ந்து கையால சொட்டு எண்ணணும். புகார் எழுதி எழுதி எனக்குக் கை வலிச்சுது. அப்புறம் ரெண்டு மாசமா ஒரு சத்தம் இல்ல."

"நிக்கவே இல்லையா?"

"ஒரு தடவைகூட. நல்ல பிள்ளையாயிடுச்சேன்னு நானே சர்வீஸ் சார்கிட்ட சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சார். இனிமே வராது சிஸ்டர்னார்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்திருந்தேன். என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துபோயிற்று.

அண்ணி புகார் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். கடைசிப் புகார் சிவப்பு மையில் இருந்தது: 'இன்னும் ஒரு முறை நின்றால் எல்லா பம்புகளையும் திருப்பி அனுப்புவோம்.' கீழே, படித்துவிட்டேன் என்று சர்வீஸ்காரரின் கையெழுத்து. தேதியைத் தன் குறிப்பில் இருந்த தேதியோடு ஒத்துப் பார்த்தார். அதற்கு மூன்றாம் நாள் அந்த வரி மாறியிருந்தது.

வாசல்வரை வந்த நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு விஷயம். தினமும் ஒரு பொண்ணு வந்து தபால்காரர் சம்சாரத்துக்கு எதிர்ல உட்கார்றாங்க. ஒரு மணி நேரம். சொந்தமான்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்கறாங்க. அந்த சர்வீஸ் சார்தான் வண்டியில கொண்டுவந்து விடறார். அவர் மேல வர்றதில்ல."

வண்டியில் ஏறிக் கிளம்பினோம். சிக்னலில் நின்றபோது அண்ணி கேட்டார். "காலையில ஒரு கேள்வி கேட்டியே. பதில் கிடைச்சுதா?"

"கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டா உண்மை வெளிய வந்துடும். நம்மளைக் கூப்பிட்டா அவர் கை காட்டற பக்கம் போவோம். கறார் பக்கம்." "அண்ணி, அந்த ஆளுக்காக நான் நாலு நாளா ஊர் சுத்தினேன். பாவம் மனுஷன்னு உங்ககிட்டயே சொன்னேன்."

"கிளி கண்டுபிடிச்சவங்கதானேன்னு நினைச்சுட்டார்" என்றார் அண்ணி. பச்சை விழுந்தது.

*

மூன்று முப்பத்தைந்து. கம்பெனியின் கூட்ட அறை. நீள மேஜையில் கடிதம், அதன் மேல் ஒரு பேனா. நில்லு மேடம் நாங்கள் போன வாரம் பார்த்ததைவிட இளைத்திருந்தார். பக்கத்தில் கணவர், நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டு, அவர் தோளில் கை வைத்திருந்தார். எதிரில் கறார். வக்கீல் நான்கு மணிக்கு வருவார்.

"வந்துட்டீங்களா மேடம்" என்று கணவர் நிமிர்ந்தார். "ஏதாவது கிடைச்சுதா? கறார் ஒத்துக்கிட்டானா?" கறார் முன்னாலேயே கேட்டார். அவ்வளவு தைரியம்.

"ஒரு சின்ன வேலை பாக்கி" என்றார் அண்ணி. நாற்பத்தொன்றாம் பக்கத்தை நில்லு மேடத்தின் முன்னால் வைத்து, காதிலிருந்த சிவப்புப் பென்சிலையும் கொடுத்தார். வட்டங்களை முன்பே அழித்திருந்தார். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்தை ஒரு தடவை புரூஃப் பார்த்துக் கொடுங்க."

பன்னிரண்டு நாளில் அந்தப் பெண் தன் எழுத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மெதுவாகப் படித்தார். பாதியில் பென்சில் நின்றது.

"இதை நான் எழுதலை."

"நல்லாப் பாருங்க."

"நான் வராதுன்னு எழுதவே மாட்டேன். எதையும் அந்த அளவுக்கு நம்பறவ இல்ல நான்." அவர் குரலில் பன்னிரண்டு நாளாக இல்லாத தெம்பு வந்தது. "இது நான் இல்ல. நான் பண்ணலை."

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் கணவர். "கறார்தான் உன் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போயிருக்கான்."

"எங்ககிட்ட அப்படித்தான் சொன்னீங்க" என்றார் அண்ணி. பிறகு நில்லு மேடத்தைப் பார்த்தார். "அசதியில நீங்களே பண்ணியிருப்பீங்கன்னு உங்களுக்கு முதல்ல யாரும்மா சொன்னது?"

"இவர்தான். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப நீ நாலு நாள் தூங்கலை, தெரியாம பண்ணியிருப்பே, நான் இருக்கேன் கவலைப்படாதேன்னு."

"வீட்டுல நீதான்னு சொல்லியிருக்கார். எங்ககிட்ட கறார்னு சொல்லியிருக்கார். ரெண்டு இடத்துல எழுதினது ஒத்துப்போகலை."

"ஒத்துப்போகலைன்னா" என்று நில்லு மேடம் தன்னையறியாமல் தன் தொழில் பாடத்தைச் சொல்ல ஆரம்பித்தார். "ரெண்டையும் நம்பக்..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

கறார் தொண்டையைச் செருமினார். "எனக்குத் தமிழ் டைப்பிங் வராது."

அண்ணி என் பக்கம் கை நீட்டினார். போனைக் கொடுத்தேன். காலையில் வந்த செய்தியைத் திறந்து, நாற்பத்தொன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

'சார் எங்கே இருக்கீங்க..'

'இங்கே வராது..'

புரூஃப் பார்க்கத் தெரியாதவர்களுக்குக்கூடத் தெரிந்தது. முற்றுப்புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி. கிளம்பிட்டேன்.. பால் வாங்கணுமா.. பாப்பா தூங்கிட்டாளா.. என்று எட்டு வருஷமாக அந்தப் பெண்ணின் போனில் வந்து விழுந்த புள்ளிகள் அவை. அவர் கணவரைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் இருந்த கை தானாக இறங்கிற்று.

"அந்த வரி மாறின அன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.

"ஞாயிறு" என்றார் கறார். "காலை பத்தே முக்கால்."

"பாப்பாவைக் குளிப்பாட்டிட்டிருந்தேன். லேப்டாப் சாப்பாட்டு மேஜையில திறந்திருந்துது. நீங்க அங்கேதான் உட்கார்ந்து பட்டாணி உரிச்சிட்டிருந்தீங்க."

கணவர் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"நான் எத்தனை தடவை கெஞ்சினேன் உன்கிட்ட? நிக்குது நிக்குதுன்னு ஆஸ்பத்திரியில என்னைத்தான் கிழிக்கறாங்க. இன்னொரு புகார் வந்தா என்னைக் குடோனுக்குத் தூக்கிடுவோம்னு கம்பெனியில சொன்னாங்க. கொஞ்சம் தளர்த்துன்னா நீ கேட்டியா? அந்த மெமரி சிப்பு ஒரு லாட் மோசம். ரெண்டு வாரத்துல புதுசு வந்துடும், மாத்திட்டு உன் வரியைப் பழையபடி போட்டுடலாம்னுதான்... அப்புறம் யாரும் புகார் சொல்லலை... அப்படியே..."

அவர் பேச்சிலும் முற்றுப்புள்ளி இல்லை.

"சிப்பு மோசம். அதைச் சொல்லத்தான் அது நின்னுது" என்றார் நில்லு மேடம். "உங்களுக்கு அது தெரியும்."

"சர்வீஸ் ஆளுக்கு எந்த வரியை மாத்தணும்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார் கறார்.

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சாப்பிடும்போது. நிக்கணும்னா இப்படி எழுதணும், எச்சரிச்சுட்டு ஓடணும்னா அப்படி எழுதணும்னு. இவர் ஆசையாக் கேட்டார். பொண்டாட்டி வேலையைப் பத்தி இவ்வளவு ஆசையாக் கேக்கற புருஷன் யாருக்குக் கிடைப்பான்னு எனக்கு அவ்வளவு பெருமை." அப்போதுதான் முதல் தடவையாகக் கணவரின் முகத்தைப் பார்த்தார். "பன்னிரண்டு நாளா எனக்குப் புத்தி பிசகிடுச்சோன்னு பயந்துட்டிருந்தேன். என் கையையே நம்பாம இருந்தேன். அடுப்பை அணைச்சேனான்னு மூணு தடவை போய்ப் பார்த்தேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து என் தலையைத் தடவிக் கொடுத்தீங்க."

"உனக்குன்னா மன்னிச்சுடுவாங்கன்னு நினைச்சேன். உனக்குப் பேர் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

இதைவிட அவர் சும்மா இருந்திருக்கலாம்.

"தினம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களே. அந்தம்மா முகத்தைப் பார்க்க முடியாம நான் உட்கார்ந்திருந்தப்ப, நீங்க கீழ வண்டியில என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

கணவர் மேஜை மேல் கிடந்த வண்டிச் சாவியைப் பார்த்தார்.

நில்லு மேடம் கடிதத்தை எடுத்தார். கிழிப்பார் என்று எதிர்பார்த்தேன். கிழிக்கவில்லை. தன் பேர் இருந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு அடித்துவிட்டு, பேனாவோடு சேர்த்துக் கணவரின் பக்கம் தள்ளினார். "மத்த எல்லாம் சரியாத்தான் இருக்கு. பேர் மட்டும்தான் பிழை."

"படிக்காம ஒப்புதல் கொடுத்ததை நானும் எழுதித் தரேன்" என்றார் கறார். இதை அவர் பன்னிரண்டு நாள் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததைவிட இது தேவலை.

நில்லு மேடம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நாற்பத்தொன்றாம் பக்கத்தை அண்ணியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அறுபத்துமூணு இடத்துல காவல் போட்டேன் மேடம். தப்பு எந்தப் பக்கத்துலேருந்தும் வரும்னு உட்கார்ந்து யோசிச்சு யோசிச்சுப் போட்டேன். இவர் பக்கம் மட்டும் போடலை. அங்கேருந்து வராதுன்னு நினைச்சுட்டேன்."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என் அண்ணி யார் கையையும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்திரண்டு. "ஸ்கூல் விடற நேரம். நான் போகணும்" என்றார் நில்லு மேடம்.

கணவர் பழக்கதோஷத்தில் மேஜை மேலிருந்த வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. மூணாவது மாடிக்கு. அந்தம்மாவுக்கு எதிர்ல நான் உட்கார்ற நாற்காலி காலியா இருக்கும்." கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினார். "என்கூட நீங்க வராதீங்க."

கதவு சாத்திக்கொண்டது. கணவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கறார் பேனாவை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

அண்ணி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்வேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.